பிரெஞ்சு பிரதிப்பெயர்: அட்டவணையா, வாக்கியமா?

கோலாலம்பூரில் பிரெஞ்சு படிக்கும் நம்ம பிள்ளைகள் பிரதிப்பெயர் பாடம் வந்ததும் கேட்பது இதுதான்: அட்டவணையை உருப்போடுவதா, வாக்கியமாகவே பேசிப் பழகுவதா?

செலவு: அட்டவணைக்கு ஒரு தாள் போதும். வாக்கியத்துக்குத் திருத்த ஆள் வேண்டும். பெரும்பாலும் வகுப்புக் கட்டணம்தான். பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையம் இங்கேயும் இருக்கிறது, பினாங்கிலும் இருக்கிறது.

வரிசை: இதில் என் ஓட்டு அட்டவணைக்கே. ‘எனக்கு அதைத் தருகிறான்’ என்றால் ‘இல் ம ல தொன்’. ‘அவனுக்கு’ என்றாலோ ‘இல் ல லுய் தொன்’. ‘அதை’ என்னும் ‘ல’வுக்கு ‘ம’ முன்னால், ‘லுய்’ பின்னால். காதை மட்டும் நம்பினால் குழம்பும்.

வினைச்சொல்: இங்கே அட்டவணை கைவிட்டுவிடும். ‘அவளுக்கு’ என்றால் ‘லுய்’ (மலாய் ‘டியா’ போல ஆண் பெண் பேதமில்லை), ‘அவளை’ என்றால் ‘லா’. வேற்றுமை உருபை வைத்தே நாம் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ‘அவளுக்கு போன் செய்கிறேன்’ என்பது ‘ழ லுய் தெலெஃபோன்’. ஆங்கில வழியில் யோசிப்பவர்தான் ‘லா’ போட்டு மாட்டுவார். மீதிப் பாதிதான் வம்பு. ‘அவளுக்கு உதவுகிறேன்’ பிரெஞ்சில் ‘ழ லெத்’, அதாவது ‘அவளை’ கணக்கு. ‘அவளைக் கேட்கிறேன்’ நேர்மாறாக ‘ழ லுய் தமாந்த்’. இதையெல்லாம் எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாது, வினையோடு சேர்த்து வாயில் போட்டால்தான் நிற்கும்.

டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வின் எழுத்துத்தாள் நெருங்கிவிட்டதா, அட்டவணை. பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்யப் போகிறீர்களா, வாக்கியம். அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.