மெக்சிகோ எட்டு எஸ்குடோ: எடையில் குறையில்லை, கேரட்டைப் பாருங்கள்

ஸ்பானிய அமெரிக்காவின் தங்க நாணயம் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், ஸ்பானிய அரசர் நான்காம் கார்லோஸ் பெயரில் மெக்சிகோவில் 1791 முதல் 1808 வரை அடித்த எட்டு எஸ்குடோவையே வாங்கலாம். எஸ்குடோ என்பது அன்றைய ஸ்பானியத் தங்கக் காசின் அலகு. முன்பக்கம் பொய்முடி வைத்த அரசர். அந்த முடியை வைத்தே இதற்கு ஸ்பானிய மொழியில் 'பெலுகோனா' என்று பட்டப்பெயர். பின்பக்கம் கிரீடம் வைத்த கேடயம். குட்டி 'ஓ' தலையில் ஏறிய 'எம்' எழுத்துதான் மெக்சிகோ நாணயச்சாலையின் முத்திரை. தரம் பார்த்தவர்களின் எழுத்துகளும் இருக்கும்.

எடை 27.07 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 37 மி.மீ. நம் கணக்கில் மூன்றேகால் சவரனுக்குச் சற்று மேல். ஆனால் 22 கேரட் விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1772-க்கு முன் 22 கேரட். அந்த ஆண்டு அதைக் கொஞ்சம் குறைத்தார்கள். 1786-இல் சத்தமில்லாமல் 21 கேரட்டுக்கு இறக்கினார்கள். எடையில் கை வைக்கவில்லை. ஆகவே இதில் சொக்கத் தங்கம் 23.7 கிராம்தான்.

போலியைப் பிடிக்கத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு 1.55 முதல் 1.6 கிராமுக்குள் காட்டவேண்டும். 3 கிராம் வந்தால் முலாம் பூசிய செம்பு. 1.26 வந்தால் பிளாட்டினம். சிரிக்காதீர்கள், தங்கத்தைவிடப் பிளாட்டினம் மலிவாக இருந்த 19-ஆம் நூற்றாண்டில் அப்படியும் செய்தார்கள். 0.01 கிராம் காட்டும் தராசாக இருக்கட்டும். குமிழி ஒட்டினாலும் அளவு தப்பும்.

அசலாகவே இருந்தாலும், பதக்கமாகக் கழுத்தில் தொங்கியதை ஒதுக்கிவிடுங்கள். அரசர் தலைக்கு மேலே விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பொடி வைத்து ஊதிய இடம் நிறம் மாறியிருக்கும், அல்லது ராவி வழுவழுப்பாக்கியிருப்பார்கள். மெருகு ஏற்றியதில் முடிச்சுருளின் கோடுகள் மழுங்கிப்போயிருக்கும். இதற்கெல்லாம் தங்க விலைக்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை. இணைகோடுகளாக, அச்சுக்கு அடியில் அமுங்கிய அரத்தின் கீறல்கள் வேறு. கூடுதல் எடையைக் குறைக்க நாணயச்சாலையிலேயே ராவியவை அவை. பேரம் பேச உதவும், வாங்கத் தடையில்லை.

கையால் வெட்டி அடித்த, கோணல்மாணலான பழைய வெட்டுக்காசுகள் கவர்ச்சிதான். மெக்சிகோவில் 1732-இல் திருகு அச்சு இயந்திரம் வருவதற்கு முந்தியவை. ஆனால் 1715-இல் ஃபுளோரிடாக் கரையில் மூழ்கிய கப்பல்களின் பெயரைச் சொல்லி விற்கும்போது அந்தக் கதைக்கும் சேர்த்தே விலை. மீட்டவரின் சான்று இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.