சிங்கப்பூர் – நியூயார்க்: எங்கும் இறங்காமலா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தொலைவு 15,349 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை இரண்டு வழிகளில் கடக்கிறது. ஒரு விமானம் எங்கும் இறங்காமல் செல்கிறது. மற்றொன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிச் செல்கிறது.

தொலைவை மட்டும் கணக்கிட்டால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சாங்கியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் ஏறத்தாழ 10,280 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,200 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் 1,100 கிலோமீட்டர் அளவே கூடுதல். அது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பறத்தல்தான். ஆனால் முதல் வழியில் பதினெட்டரை மணி நேரத்தையொட்டி முடியும் பயணம், ஃபிராங்க்ஃபர்ட் வழியில் இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. இடையில் தரையில் கழியும் நேரம் ஒரு காரணம். மேற்கு நோக்கிப் பறப்பதால் வழியெங்கும் எதிர்க்காற்றைச் சந்திக்க நேர்வது மற்றொரு காரணம். இறங்காமல் செல்லும் விமானமோ, வட துருவத்தை ஒட்டிய குறுக்கு வழியை விட்டுவிட்டு, பல நாட்களில் வட பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்து, பின்னிருந்து தள்ளும் மேல்வளிமண்டலக் காற்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. திரும்பும்போதும் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கே வருவது உண்டு. அப்படி அமைந்தால் போய்வருபவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.

எரிபொருள் கணக்கு வேறு விதமானது. இறங்காமல் செல்லும் வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தொலைவுக்கென அமைந்த வகை) விமானத்தில் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் நிரப்பலாம். புறப்படும்போது சுமக்கும் எரிபொருளில் ஒரு பகுதி, மீதி எரிபொருளைத் தூக்கிச் செல்வதற்கே எரிந்துபோகிறது. இதே நிறுவனம் நான்கு இயந்திரங்களோடு அதிக எரிபொருள் எரிக்கும் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நியூயார்க்கை அடுத்த நுவர்க் விமான நிலையத்துக்கு 2004இல் தொடங்கிய இடைநில்லாச் சேவையை 2013இல் கைவிட்டு, இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350 கைக்கு வந்த பிறகு 2018இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்க வேண்டியிருப்பதால் இந்த விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஆகவே கட்டணம் பார்த்துப் பயணிக்கும் குடும்பத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழிதான் பொருந்தும். மூட்டு வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கும் அதையே பரிந்துரைப்பேன். பாதி வழியில் இறங்கி நடக்கக் கிடைக்கும் அந்த இடைவேளை, ஐந்து மணி நேர இழப்புக்குத் தகும். தனியாகச் செல்பவர், பிரீமியம் எகானமியின் கடைசி வரிசைகளில் விமானத்தின் உடல் குறுகும் இடத்தில் ஜன்னலோரமாக அமைந்த ஒற்றை இருக்கை கிடைத்தால், தயங்காமல் இடைநில்லா விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

சென்னையிலிருந்து புறப்படுவோருக்கு இந்த இரண்டுமே சுற்றுவழி. சாங்கி வழியாகச் சென்றால் 18,200 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும் பயணம், துபாய் வழியாக 14,000 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.