கார்பெட்ல ஓட்டையா? ஒட்டு போடுற துண்ட எங்கிருந்து எடுக்குறது: பரணா, கப்போர்டா, சோபா அடியா, கடையா

பொங்கலன்னைக்கு வேட்டி தேய்ச்சுட்டு இருந்தேன், ஸ்டாண்டு ஆடி இஸ்திரி பெட்டி மூக்கு குத்துற மாதிரி கீழ விழுந்துச்சு, பதறிப்போய் எடுக்குறதுக்குள்ள லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்குற எங்க வாடகை வீட்டு ஹால் நடுவுல கார்பெட் ரெண்டு இஞ்சுக்கு முக்கோணமா உருகி கறுத்துப்போச்சு. இங்க வாடகை வீடுகள்ல போடுற மலிவு கார்பெட் நிறைய பாலிப்ரொப்பிலீன் தான், அது 165 டிகிரி பக்கத்துலயே உருகிடும், காட்டன் செட்டிங்ல பெட்டி 200ஐ தொடும், அப்புறம் எப்படி தாங்கும். கம்பளி கார்பெட்டா இருந்தா உருகாது, கருகும், முடி பொசுங்குற நாத்தம் வரும், நுனி மட்டும் கருகியிருந்தா கத்திரியால மெதுவா சீவி விட்டாலே பாதி மறைஞ்சுடும். நமக்கு அந்த யோகம் இல்ல.

டெபாசிட் பயம் வேற. இங்கிலாந்துல வருஷ வாடகை 50,000 பவுண்டுக்கு கீழன்னா அஞ்சு வார வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுன்னு 2019ல இருந்து சட்டம், நாள்பட்ட தேய்மானத்துக்கு அதுல கை வைக்கவும் முடியாது. ஆனா இஸ்திரி பெட்டி முக்கோணத்த தேய்மானம்னு சொன்னா யாரு நம்புவா. அதனால வீட்டு ஓனருக்கு போட்டோ அனுப்பி கேட்டேன், ஒட்டு போட்டுக்கோங்க, மாடிப்படிக்கு கீழ இருக்குற கப்போர்டுலயும் இதே கார்பெட் தான், அங்கயிருந்தோ வேற எங்கயாவது கண்ணுல படாத இடத்துல இருந்தோ வெட்டிக்கோங்கன்னாரு. கேக்காம மட்டும் வெட்டாதீங்க, துண்டு எடுக்குற இடமும் அவரு சொத்து தான்.

சரி, துண்டுக்கு நாலு வழி இருக்கு. எல்லாரும் எந்த பசை நல்லதுன்னு தான் அடிச்சுக்குறாங்க, என்னைக் கேட்டா பசை ரெண்டாவது கேள்வி.

பரண்ல மிச்ச கார்பெட் சுருட்டி வச்சிருந்தா பலரும் அதான் பெஸ்ட்னு நெனப்பாங்க. ஒரே ரோல், ஒரே சாயம், எல்லாம் சரிதான், ஆனா ஹால்ல கிடக்குற கார்பெட் பல வருஷம் வெயில் பட்டு மிதிபட்டு வெளுத்துப் போயிருக்கும், பரண்ல இருக்குறது கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருக்கும். கப்போர்டு துண்டுக்கும் இதே கதை தான். எனக்கு பரண்ல ஒண்ணும் இல்லாததால முதல்ல கப்போர்டுல தான் வெட்டினேன், போட்டுப் பாத்தா பழைய சட்டையில புதுத்துணி ஒட்டு போட்ட மாதிரி வாசல்ல நிக்கும்போதே தெரியுது. கடையில ஓரத்துண்டு சல்லிசா கிடைக்கும், ஆனா கலரு, முடி (மேல நிக்குற நூல்) உயரம், நூல் முறுக்கு மூணும் ஒத்துப்போறது லாட்டரி தான், அத வெட்டிப் பழக வச்சுக்கலாம்.

நாலாவது சோபாவுக்கு அடியில, அதே ரூம்ல. மிதிபடாத இடம், வெளிச்சமும் கம்மிதான், ஆனாலும் கப்போர்டு மாதிரி முழு இருட்டு இல்ல, தூசியும் அதே ரூம் தூசி தான், அதனால கப்போர்டு துண்ட விட நெறம் கிட்ட வரும், முடி மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கும், ரெண்டு வாரம் நடந்தா படிஞ்சுடும். என் ஓட்டு இதுக்குத்தான்.

எந்தத் துண்டா இருந்தாலும் திசை தப்பினா காரியம் கெட்டுச்சு. வெல்வெட் துணிய டெய்லர் தடவிப் பாத்துட்டு வெட்டுவாரு இல்ல, அதே தான், ஒரு பக்கம் தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினா முரண்டு புடிக்கும், வழுக்குற பக்கம் அம்புக்குறி போட்டு ரெண்டு இடத்துலயும் டேப் ஒட்டிட்டு அப்புறம் கத்திய எடுங்க. திருப்பி வச்சுட்டா ஒரே கார்பெட் ரெண்டு கலரா தெரியும்.

வெட்டுறதுக்கு வட்டமா சுத்தி வெட்டுற ஒரு கட்டர் விக்குது, மூணு இஞ்சு பக்கம் வரும், ஓட்டையும் துண்டும் ஒரே அளவுல வர்றது அதோட பெரிய பிளஸ், சிகரெட் சுட்ட ஓட்டை மாதிரி சின்னதுக்கு வசதி. ஆனா அது முடி நட்டிருக்குற வரிசையெல்லாம் பாக்காது, ஓரத்துல இருக்குற முடிய பாதியில சீவிட்டுப் போயிடும். நான் சதுரமா ஸ்டான்லி கத்தியில (பிளேடு மாத்துற கத்தி) தான் வெட்டினேன், துண்ட குப்புறப் போட்டு பின்பக்கம் வரிசைக்கு நடுவுல வெட்டணும், பிளேடு புதுசா இருக்கணும், முதல்ல துண்டு வெட்டிட்டு அத கருகின இடத்து மேல வச்சு அதே அளவுக்கு ஓட்டை போடணும், மாத்தி செஞ்சா ஓட்டைக்கு ஏத்த துண்டு தேடி அலையணும். கீழ அண்டர்லே, அதாவது கார்பெட்டுக்கு அடியில போடுற மெத்தை வரைக்கும் கத்தி இறங்கிடக்கூடாது. முடிய ஸ்க்ரூடிரைவரால வகிடு எடுக்குற மாதிரி பிரிச்சுட்டு வெட்டினா சுத்தமா வரும். லூப் கார்பெட்னா (நூல் நுனி வெட்டாம வளையமா இருக்குறது) கைய வைக்காதீங்க, ஒரு நூல் பிரிஞ்சா ஸ்வெட்டர் மாதிரி உருவிக்கிட்டே வரும்.

இப்ப பசை. சூடு பண்ணி ஒட்டுற சீமிங் டேப் தான் கார்பெட் ஆளுங்க யூஸ் பண்றது, ஒட்டு நிரந்தரம், பலமும் ஜாஸ்தி, ஆனா அதுக்குன்னு தனி அயர்ன் வேணும், வீட்டுப் பெட்டியில முயற்சி பண்ணி இன்னொரு முக்கோணம் போட்டுக்க எனக்கு தைரியம் இல்ல. டபுள் சைடு கார்பெட் டேப் அவ்வளவு பலம் கிடையாது, கதவு வாசல் மாதிரி ஓயாம மிதிபடுற இடத்துல ஓரம் தூக்கும், ஆனா பழகுறவங்களுக்கு அதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, தப்பா போச்சுன்னா உரிச்சு எடுத்துடலாம். என் கப்போர்டு துண்டு டேப்ல இருந்ததால தான் ரெண்டாவது சான்ஸ் கிடைச்சுச்சு. டேப்ப ஓட்டைய விட அகலமா வெட்டி பாதி பழைய கார்பெட்டுக்கு அடியில போற மாதிரி நுழைக்கணும், இதுல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. லேட்டெக்ஸ் பசைய துண்டோட ஓரத்துல பின்பக்கமா லேசா தடவினா நூல் பிரியாது, மேல முடியில பட்டா மட்டும் காஞ்சு குச்சி மாதிரி ஆயிடும். ஒட்டினப்புறம் சீப்பால ரெண்டு பக்கத்து முடியையும் கலந்து விட்டு, ஒரு நாள் கனமா எதையாவது வச்சுடுங்க.

உள்ளங்கைய விட பெரிய ஓட்டைன்னா ஆள கூப்பிடுங்க, சுவரோரம் கிரிப்பர்னு ஒரு ஆணிப்பட்டையில இழுத்து மாட்டியிருக்குற கார்பெட் வெட்டினவுடனே வாயப் பொளந்துக்கும், அந்த இழுவைய சமாளிக்கிறது புதுசா பழகுறவங்க வேலை இல்ல.

இப்ப எங்க வீட்டு நிலவரம்: சோபா அடித்துண்டு ஹால் நடுவுல, மொதல்ல வெட்டின பளபள கப்போர்டு துண்டு அதே அளவுங்கறதால சோபா அடியில, கப்போர்டு ஓட்டை மேல இருபது கிலோ அரிசி மூட்டை. அந்த மூட்டைய மட்டும் யாரும் நகத்தாதீங்கன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்.