கேனன் 200டியா, நிக்கான் டி3500ஆ? சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. கேனன் 200டி என்னுடையது, நிக்கான் டி3500 தம்பியுடையது. ஒருவர் கேமராவை ஒருவர் வாங்கி எடுப்பது வழக்கம் என்பதால் இரண்டும் எனக்கு நல்ல பழக்கம்.

இரண்டிலும் 24.2 மெகாபிக்சல், வினாடிக்கு 5 படம், ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 25600 வரை. படங்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. இருட்டான இடங்களைக் கணினியில் வெளிச்சமாக்கும்போது நிக்கான் படம் கொஞ்சம் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். சென்சாரை, அதாவது படத்தைப் பதிக்கும் சில்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வித்தியாசம் தெரிவது கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயிலில், தைப்பூசக் கூட்டத்தில். 272 படிகளின் அடிவாரத்தில் காவடி வரும்போது நமக்கு முன்னால் தலைகளாகத்தான் இருக்கும். வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பின்பக்கம் பார்க்கும் துளையில், கண் வைக்கவே வழியில்லை. 200டியின் திரையை வெளியே இழுத்துக் கீழ்நோக்கித் திருப்பி, கேமராவை உயரத் தூக்கிப் பிடித்து, திரையில் காவடி எடுப்பவரின் முகத்தைத் தொட்டால் போதும், ஃபோகஸ் உடனே பிடித்துவிடும். கேனனின் டூயல் பிக்சல் முறையில் சென்சாரே ஃபோகஸ் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடுவதால் வரும் வேகம் அது. டி3500இன் திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. திரையைப் பார்த்து எடுத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடும். அதற்குள் காவடி நம்மைக் கடந்திருக்கும். வீடியோவுக்கு வெளி மைக் செருகும் துளையும் 200டியில்தான் உண்டு.

சரி, அப்புறம் நிக்கானை ஏன் வாங்க வேண்டும்? பேட்டரிக்காக. நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 1550 படம். 200டிக்கு 650தான், திரையைப் பார்த்தே எடுத்தால் அதில் பாதிகூட வராது. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை நடப்பவருக்கு இது பெரிய விஷயம். தம்பி ஒரே பேட்டரியோடு வருவான், நான் கூடுதல் பேட்டரி இல்லாமல் கிளம்புவதில்லை. நிக்கானின் கைப்பிடியும் ஆழமானது, விரல் வலிக்காது. வியூஃபைண்டரிலேயே எடுத்துப் பழகியவருக்கு அதுதான் சரி. குழந்தை, திருவிழா, கல்யாணம், கொஞ்சம் வீடியோ என்றால் யோசிக்காமல் 200டி என்பேன்.

லென்ஸில் ஒரு எச்சரிக்கை. டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50எம்எம் எஃப்1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 1.8ஜி கேட்டு வாங்குங்கள். கேனனில் இந்தத் தொல்லை இல்லை, கேனனின் பழைய இஎஃப் வகை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் 200டியில் தானாகவே ஃபோகஸ் செய்யும்.

எதை வாங்கினாலும் டிரை பாக்ஸுக்கும் (ஈரம் சேராமல் காக்கும் பெட்டி) சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் சும்மா கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பழைய லென்ஸ் வாங்கும்போது கைபேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.