கறுப்புப் பெயின்ட் அடித்த ஏர் டேங்க்: ஜீப் வைத்திருப்போர் கவனத்திற்கு

மலைப்பாதையிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிறவர்கள் வண்டியில் ஏர் டேங்க் பொருத்திக்கொள்வது கோவைப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பெயரில் எனக்கு விற்கப்பட்டது, ஏசி மெக்கானிக்குகள் காலி செய்து எறியும் குளிர்பதன வாயுச் சிலிண்டர். பட்டறையின் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு பட்டறை மட்டுமல்ல என்று விசாரித்ததில் தெரிந்தது.

சேற்றில் இறங்குவதற்கு முன் டயரின் காற்றை 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் குறைத்து, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கிறது. சிறிய கம்ப்ரசரை மட்டும் நம்பினால் நான்கு டயரையும் நிரப்ப வெகுநேரம் ஆகும் என்பதால், ஒரு தொட்டியில் 120 பிஎஸ்ஐ வரை காற்றைச் சேர்த்து வைக்கிறோம். என் எம்எம் 540 ஜீப்பின் பின்னிருக்கைக்கு அடியில் அடங்கும் "புது டேங்க்" என்று சொல்லி, பொருத்தும் கூலியும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது. அதில் "ஏர் டேங்க் 1" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

சில மாதங்களில், இரவு நிரப்பி வைத்த காற்று காலைக்குள் பாதியாகக் குறையத் தொடங்கியது. கசிவைப் பார்க்கச் சொன்னபோது பட்டறைக்காரர் டெஃப்லான் டேப் சுற்றி அனுப்பினார், கசிவு நிற்கவில்லை. பிறகு லாரி ஏர் பிரேக் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சோப்பு நுரை தடவியதும், குழாய் இணைப்புக்காகப் பற்றவைத்திருந்த இடத்தைச் சுற்றி நுரை பொங்கியது. காற்றை முழுவதும் வெளியேற்றித் தொட்டியைக் கழற்றிச் சாய்த்தபோது, துருவைக் கரைத்த செந்நிறத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே வெளிர்நீலம்; ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயுவின் சிலிண்டருக்கு வழக்கமாக அடித்துவந்த நிறம் அது. தோள்பகுதியில் கிரைண்டர் வைத்துத் தேய்த்ததில் தப்பிய சில எழுத்துகள் "டிஓடி-39" என்று படிக்கும்படி இருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, ஒருமுறை மட்டும் நிரப்பிப் பயன்படுத்த வேண்டிய சிலிண்டருக்கான குறியீடு அது.

இதைக் காட்டிக் கேட்டபோது பட்டறைக்காரர் சிறிதும் தயங்கவில்லை. "அண்ணா, அது 260 பிஎஸ்ஐ தாங்கற சிலிண்டருங்க. நீங்க 120தான ஏத்தறீங்க? எல்லாருக்கும் இதத்தான் போட்டுக் குடுக்கறோம், ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

இந்த 260 என்ற எண்தான் பலரையும் நம்பவைக்கிறது. எண் பொய்யில்லை, ஆனால் அது புதிதாக ஆலையிலிருந்து வந்து, ஈரமே இல்லாத வாயுவால் ஒரே ஒருமுறை நிரப்பப்பட்டு, காலியானதும் ஒழிக்கப்படும் சிலிண்டருக்கு உரியது. அதன் சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். கம்ப்ரசர் உள்ளே தள்ளும் காற்றோடு ஈரமும் சேர்ந்தே போய், அழுத்தத்தில் நீராகிக் கீழே தங்குகிறது. உட்புறப் பூச்சும் இல்லை, அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வும் இல்லை என்றால் துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் தகடு விரிந்து சுருங்குவதும், பாறைமேல் வண்டி குதிக்கும் அதிர்வும் இதோடு சேர்கின்றன. போதாததற்கு, இந்த மெல்லிய தகட்டில் துளையிட்டு நட்டைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதன்பின் சோதனை எதுவும் இல்லை. சிலிண்டரில் மிஞ்சிய வாயு வெல்டிங் சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும் என்பது அந்த வெல்டருக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

வெடித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சுமார் 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள அதன் ஒரு முனையின்மேல் 120 பிஎஸ்ஐ காற்று தள்ளும் விசை மூன்றரை டன்னுக்கு மேல். தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கும்போது தொட்டி கிழிந்தால் தண்ணீர் பீறிட்டு அத்துடன் அழுத்தம் அடங்கிவிடும், ஏனென்றால் தண்ணீர் அமுங்குவதில்லை. காற்றோ சுருங்கியிருந்தது அத்தனையும் ஒரே நொடியில் விரிந்து, தகட்டைத் துண்டுகளாக வீசும். என் வண்டியில் அதற்கு மேலே இருந்தது பிள்ளைகள் உட்காரும் இருக்கை. இந்தச் சிலிண்டரை மறுபடி நிரப்பி எடுத்துச் சென்றால் 5,00,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு என்ற அமெரிக்கச் சட்ட எச்சரிக்கையைச் சிலிண்டரின் மீதே அச்சிட வேண்டும் என்பது விதி. என்னுடையதில் அந்த இடத்தில்தான் பெயின்ட் தடிமனாக இருந்தது.

சமையல் கேஸ் சிலிண்டரையே ஏர் டேங்க் ஆக்கித் தருகிறவர்களும் உண்டு. அதன் தகடு இதைவிடத் தடிமன் என்பது உண்மைதான். ஆனால் அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டியிருப்பது வைப்புத்தொகை மட்டுமே. அதில் துளை போடும் உரிமை பட்டறைக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

கூடுதல் டீசல் டேங்க் என்று விற்பதிலும் இதே கதை நடக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் செய்த தொட்டியில் டீசலை ஊற்றினால், துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பழைய எண்ணெய் டிரம்மைக் கழுவி வெல்டிங் வைப்பதாகச் சொன்னால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். காலியான டிரம்மில் தங்கிய ஆவிதான் தீப்பொறியில் வெடிக்கிறது.

வாங்கும் முன் பாருங்கள்: தயாரிப்பாளர் பெயரும் வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் பொறித்த தகடு தொட்டியில் இருக்க வேண்டும். இணைப்புத் துளைகள் ஆலையிலேயே அமைந்தவையாக இருக்க வேண்டும். சேஃப்டி வால்வும், அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெய்ன் வால்வும் இல்லாததை வாங்காதீர்கள். தோள்பகுதியில் கிரைண்டர் தடம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நான் இப்போது மாட்டியிருப்பது லாரி ஏர் பிரேக்குக்கென்றே செய்த புதுத் தொட்டி. அழுத்தம் சுமார் 8 பார், அதாவது ஏறக்குறைய 116 பிஎஸ்ஐ. எடை கூடுதல், இடமும் அடைக்கிறது, இருக்கட்டும்.

பணம் திரும்பவில்லை. எஸ்டிமேட் சீட்டைக் காட்டி "டேங்க்னுதான போட்டிருக்கு" என்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். முறையான பில் இல்லாத நிலையில், யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும் "புது டேங்க் வந்துடுச்சு" என்று பட்டறையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும்தான் என் ஆதாரம். நீங்களும் இவற்றை அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படியொன்று வண்டியில் இருந்தால், முதலில் கம்ப்ரசரின் ஃபியூஸை உருவிவிட்டு, டயர் நிரப்பும் குழாய் வழியாகக் காற்றை மெதுவாக முழுவதும் இறக்குங்கள். அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் கழற்றவோ, கசிகிற இடத்தில் மறுபடி வெல்டிங் வைக்கவோ கூடாது. கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது கண்ணெதிரே இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். முழுதாகக் கொடுத்தால் அது திரும்பவும் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போகும்.