கடலோர வீட்டுக்கு எந்த வைஃபை ரவுட்டர்?

ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, எத்தனை ஆன்டெனா என்றுதான். கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ குடியிருப்பவர் கேட்க வேண்டியது வேறு: மின்சாரம் போய் வந்தால், வளைகுடாவிலிருந்து மகன் அழைப்பான் என்று காத்திருக்கும் அம்மா எதையும் தொடாமலே அது தானாக இணைப்புக்கு வருமா?

இந்தக் கணக்கில், ஃபைபர் நிறுவனம் இணைப்போடு தரும் பெட்டியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பெட்டி, ஒரு பிளக், ஒரு கடவுச்சொல். ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியே சிக்னல் வரவில்லை என்று பொருள். அணைத்து அணைத்துப் போடுவது வீண், புகார் எண்ணை அழைக்க வேண்டியதுதான். இதன் குறை, பொருத்த வருகிறவர் வாசலருகே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். பழைய வீட்டின் கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளறை வரை எட்டும், வேகம்தான் குறைவு. பெட்டியை வீட்டின் நடுவில் மாட்டச் சொல்லி அப்போதே அடம்பிடியுங்கள். பாதிப் பேருக்குச் செலவு அத்துடன் முடிந்துவிடும்.

அதிலும் தீரவில்லை என்றால்தான் தனி ரவுட்டர். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 போன்றவற்றைக் கைப்பேசிச் செயலி வழியாகவே அமைத்துவிடலாம். நிறுவனத்தின் பெட்டி ஏற்கெனவே ரவுட்டர் வேலை பார்ப்பதால், புதியதை வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் வைத்தால் குழப்பம் குறையும். ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனாலும் இவற்றை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டியான மினி யுபிஎஸ் வாங்குமுன் அடாப்டரில் உள்ள எழுத்தைப் படியுங்கள். பல 12 வோல்ட், சில 9 வோல்ட். மாற்றிச் செருகினால் ரவுட்டர் பாழாகலாம்.

மெஷ் வகை, அங்கங்கே வைக்கும் இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தரும். பயன்படுத்தச் சுகமானது, விலைதான் சுகமில்லை. மாடியும் முற்றமும் உள்ள பெரிய வீட்டுக்கு வாங்கலாம். அங்கேயும் பெட்டிகளுக்கு இடையே லான் கேபிள் இழுத்துவிட்டால்தான் கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்கும்.

ஃபைபர் எட்டாத கடற்கரைக் குடியிருப்புகளுக்கு கைப்பேசி சிக்னலில் ஓடும் சிம் ரவுட்டரே கதி. எந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டுக்குள் நன்றாக எடுக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள். தனுஷ்கோடிப் பக்கம் சில நேரம் இலங்கைக் கோபுரத்தின் சிக்னலும் தலைகாட்டும் என்பதால், அமைப்பில் ரோமிங்கை, அதாவது வேறு நிறுவனக் கோபுரத்தோடு இணையும் வசதியை, அணைத்து வைப்பது நல்லது.

எதை வாங்கினாலும் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். உப்புக்காற்றில் லான் துளைக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளில் பச்சை பூத்துவிடும். அதற்காகப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வெப்பம் தேங்கி, அதுவே தனிக் கோளாறாகிவிடும்.