மலைத்தோட்டத்துப் பல்பர்: வார்ப்பதா, வெல்டிங் செய்வதா?

ஏற்காட்டுச் சிறு விவசாயிகளுக்காகக் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும், கையால் சுற்றும் பல்பர் ஒன்றை வடிவமைக்கும்போது, எந்த உலோகம் வலிமையானது என்பதற்கு முன்னால், பழுதானால் அதை யார், எங்கே சரிசெய்வார் என்று கேட்டாக வேண்டும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்காவிட்டால் குவியலுக்குள் புளிப்பு ஏறிவிடும். அறுவடை மும்முரத்தில் இயந்திரத்தைச் சாலை வரை சுமந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துப் பட்டறைக்கு இறக்கிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை.

உடற்கூட்டுக்கு வழக்கமான தேர்வு வார்ப்பிரும்பு. மர மாதிரி ஒன்று இருந்தால் போதும். மணல் அச்சில் எத்தனை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். அதிர்வை அது உள்வாங்கிக்கொள்வதால் இயந்திரம் ஆடாமல் நிற்கும். ஆனால் நொறுங்கும் குணம் அதற்கு உண்டு. ஒற்றையடிப் பாதையில் தவறி விழுந்து, போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்தால், முன்கூட்டிச் சூடாக்காமலோ நிக்கல் ராடு இல்லாமலோ சாதாரண வெல்டிங்கில் அது ஒட்டாது. ஒட்டினாலும் பக்கத்திலேயே விரிசல் விடும்.

எடையைக் குறைக்க அலுமினிய வார்ப்படம் நினைவுக்கு வருவது இயல்பு. வார்ப்பிரும்பில் 27 கிலோ வரும் வடிவம் அதில் ஏறத்தாழ 10 கிலோதான். இந்தச் சேர்வராயன் மலையிலேயே பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள் என்பதால், உள்ளூர்ப் பாசமும் சேர்ந்துகொள்கிறது. இருந்தும் இதை நான் ஒதுக்குகிறேன். பழச்சாறு புளிப்பானது; பழத்தை நசுக்கும், தாமிரத் தகடு சுற்றிய உருளையும் அலுமினியமும் அந்த ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி அரிப்பில் கரைவது அலுமினியமாகத்தான் இருக்கும். துத்தநாகப் பூச்சும் புளிப்பில் கரையும் என்பதால், சாறு படும் இடத்தில் கால்வனைஸ் செய்த இரும்புக்கும் இதே கதிதான்.

எஞ்சுவது, ஆங்கிள் இரும்பை வெட்டி வெல்டிங் செய்யும் சட்டம். அச்சும் டையும் வேண்டாம். பத்து இயந்திரம் செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றின் விலை பெரிதாக மாறாது. இதன் குறை வேறு: வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதல் மாதிரியில் பேரிங் துளைகளை முன்பே போட்டுவிட்டுப் பிறகு வெல்டிங் செய்தேன்; தண்டு உள்ளே நுழைந்தது, சுற்ற மறுத்தது. இப்போது தானே சாய்ந்து நேராகிக்கொள்ளும் பேரிங் உள்ள பிளம்மர் பிளாக்கை (பேரிங்கைத் தாங்கும் கூட்டை) வெளியிலிருந்து போல்ட் போட்டுப் பிடிக்கிறேன். சட்டம் சற்றுக் கோணினாலும் அது பொறுத்துக்கொள்ளும். பெயிண்ட் உதிரத்தான் செய்யும். சட்டத்தைச் சாறு வழியும் பாதையிலிருந்து தள்ளி வைத்து, ஆண்டுக்கொருமுறை பூசினால் போதும்.

உண்மையான போட்டி உருளையின் தகட்டில்தான். கஞ்சமலை அடிவாரத்தில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு செய்யும் சேலம் உருக்காலையை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 ரகம் புளிப்பைத் தாங்கும், தாமிரத்தைவிட நெடுநாள் தேயாமலிருக்கும். ஆனால் பழத்தை இழுத்து நசுக்கும் புடைப்புகளைத் தகட்டின் பின்புறமிருந்து குத்தி எழுப்பும்போது, அது அடிபட அடிபட இறுகுகிறது. பஞ்ச் சற்று மழுங்கினாலும் புடைப்பின் விளிம்பு கிழிந்து பிசிறு நிற்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும் அந்தப் பிசிறு, கொட்டையின் மேலுள்ள பார்ச்மென்ட் தோலைக் கீறிவிடும். கீறல் பட்ட கொட்டை, நொதிக்கும் தொட்டியில் நிறம் கெட்டு வரும். தாமிரமோ கிழியாமல் நீண்டுகொடுத்து, வழுவழுப்பான முட்டாக எழுகிறது. பழத்தோடு கல் விழுந்து முட்டு நசுங்கினால், பின்பக்கம் கட்டை வைத்துத் தட்டித் தோட்டத்திலேயே நிமிர்த்தலாம். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து, நல்ல டையும் பெரிய பிரஸ்ஸும் வைத்திருப்பவருக்கு எஸ்.எஸ். சரி, என் எண்ணிக்கைக்குத் தாமிரம்தான்.

பழம் கொட்டும் வாய்க்கு இத்தனை யோசனை தேவையில்லை. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் டையின் செலவு சிறு எண்ணிக்கையில் மீளாது. சாதாரண பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து நொறுங்கும். குத்தி எழுப்பும் வேலை இல்லாததால் இங்கே எஸ்.எஸ். தகட்டையே மடித்து ஆர்கான் வெல்டிங் வைத்துவிடலாம்.

தாமிரத் தகட்டை உருளையோடு பற்றவைக்காமல், பித்தளைத் திருகுகளால் பிடித்திருக்கிறேன். தேய்ந்த தகட்டைக் கழற்றிப் புதியதைச் சுற்ற, ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.